ஓர் அடியோடு நிறுத்தியவள்

ஜார்ஜ் டவுன்
9 மார்ச் 2025

அண்ணி,

என் நம்பரை பிளாக் பண்ணிட்டீங்க. மெசேஜ் ஒத்தை டிக்கோட நிக்குது. அதான் பேப்பர் எடுத்து உட்கார்ந்துட்டேன். எங்க மாடியில குடியிருக்கிற குகன் பாலத்துக்கு அந்தப் பக்கம், உங்க ஊரு பத்து காவான்லதான் வேலை செய்றான். உங்க அப்பா வீட்டு தபால் பெட்டியில போடச் சொல்லிக் குடுத்திருக்கேன்.

அண்ணனுக்கு இடது கண் போயிடுச்சு. இனிமே வெளிச்சம்கூடத் தெரியாதாம். எவர்சில்வர் டம்ளரோட விளிம்பு கன்னத்து எலும்புக்குக் கீழே பட்டு, மேல கிழிச்சிக்கிட்டுப் போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அவரு சொல்லச் சொல்ல அந்த அடி எனக்குக் கண்ணு முன்னாடி தெரிஞ்சது. சொல்லிக் குடுத்தவ நான்தானே.

நான் சொல்லித் தர்ற கென்போ சண்டைக் கலையில முறையா பழகுற அடி வேற, மாட்டிக்கிட்ட நேரத்துல கைக்குக் கிடைச்சதை வச்சு அடிக்கிற அடி வேறன்னு சனிக்கிழமை சனிக்கிழமை தனியா எடுத்துக் காட்டினேன். சாவிக்கொத்து, குடை, தண்ணி போத்தல், செருப்பு. நீங்க குடையை மடக்கிப் பிடிச்சுக் குத்தினதைப் பார்த்து சுங்கை பினாங்ல நம்ம வகுப்பு நடக்கிற ஹாலே சிரிச்சது. அதெல்லாம் யாருக்காக? கார் பார்க்ல மடக்குறவனுக்காக. சாப்பிட்டுக்கிட்டு இருந்த புருஷனுக்காக இல்லை.

அண்ணன் போலீஸ்ல சொல்லிட்டாரு. மேசையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தாராம். வேலை விட்டு லேட்டா வந்ததை ஒரு வார்த்தை கேட்டாராம். நீங்க பின்னாலிருந்து வந்து அடிச்சிட்டீங்களாம். கேஸ் பெரிசாப் போகும், ஜெயில்கூட கிடைக்கும்னு பேசிக்கிறாங்க. ஆத்தா என்னைப் பார்த்தாலே, "நீ குடுத்த வித்தையிலதான் எம்புள்ளை கண்ணு போச்சு"ங்கிறாங்க.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பொண்ணு வேணாம்னு ஆத்தா ஒத்தைக் கால்ல நின்னப்போ உங்களுக்காக சண்டை போட்டவ நான். அந்த உரிமையில கேக்கிறேன். ஏன் அண்ணி?

விசாலம்

●

பத்து காவான்
15 மார்ச் 2025

விசாலம்,

உங்கள் வீட்டார் யாரோடும் கதைக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இது ஒன்று.

கண் போனதை உன் எழுத்தில்தான் அறிந்தேன். அதற்கு மேல் படிக்க முடியாமல் அடுப்படியில் போய் நின்றேன். அப்பா வந்து, "என்ன பிள்ளை?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அம்பிகைபாகன் மகளைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள் என்று கோயிலில் பேசுவது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. என்னிடம் அவர் கேட்பதில்லை. மூன்று வேளையும் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

நீ ஏன் என்று கேட்டிருக்கிறாய். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மேசை என்று உன் அண்ணன் சொன்னால் மேசையாகவே இருக்கட்டும். நடந்ததை நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வாசித்தவர் முகத்தைப் பார்த்தேன். அதே முகத்தை உன்னிடமும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒரே ஒரு திருத்தம். நீ காட்டித் தந்த அடியை நான் அடிக்கவில்லை. காலை ஊன்றி நில், இடுப்பைத் திருப்பு, பிறகு கையை விடு என்பாய். என் கால் தரையில் இல்லை.

இனி எழுத வேண்டாம்.

சுதர்ஷினி

●

ஜார்ஜ் டவுன்
23 மார்ச் 2025

அண்ணி,

எழுத வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் எழுதுறேன். கிழிச்சுப் போடுறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுக் கிழிங்க.

உங்க கால் ஏன் தரையில இல்ல?

அந்த ஒரு வரி என்னை விடலை. வண்டி ஓட்டும்போது, வகுப்புல எண்ணிக்கை சொல்லும்போது, ஆத்தா பக்கத்துல படுத்திருக்கும்போது, அதே வரி. உங்க மேல இருந்த கோவம் குறையலை. ஆனா அதுக்குள்ள ஏதோ உறுத்துது.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில அண்ணனுக்குச் சோறு ஊட்டப் போனேன். இடது கைச் சுண்டுவிரல்ல கட்டுப் போட்டிருந்ததை அன்னைக்குத்தான் கவனிச்சேன். எலும்பு முறிஞ்சிருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க. "இது எப்படிண்ணே?"ன்னு கேட்டேன். "நாற்காலியிலேருந்து விழுந்தேன்ல, அப்போ"ன்னாரு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை.

அண்ணி, எத்தனையோ பேரு எங்க ஹால்ல விழுந்து நான் பார்த்திருக்கேன். விழுந்தா மணிக்கட்டு போகும், உள்ளங்கை உரியும். சுண்டுவிரல் மட்டும் முறுக்கிக்கிட்டு ஒடிஞ்சது அங்க ஒரே ஒரு தடவை. கழுத்தைப் பிடிச்சிருந்த ஒருத்தனோட கையை விலக்கிக் காட்டும்போது வேகம் கூடிப் போச்சு, அவ்வளவுதான். முழுக் கையோட மல்லுக்கட்டாதே, சுண்டுவிரலை மட்டும் பிடிச்சுத் திருப்புன்னு முதல் மாசமே எல்லாருக்கும் சொல்லித் தர்றேனே. உங்களுக்கும் சொன்னேன்.

சோத்துக் கிண்ணத்தை அப்படியே வச்சிட்டு வெளிய வந்துட்டேன்.

மறுநாள் வகுப்பு முடிஞ்சதும் என்னோட சேர்ந்து சொல்லித் தர்ற சலேஹா அக்காவை இருக்கச் சொன்னேன். கால் தரையில இல்லாம, டம்ளரும் கைக்கு எட்டணும்னா சமையல் மேடைதான்னு தோணுச்சு; அந்த உயரத்துக்கு மேசையை இழுத்துப் போட்டு முதுகைச் சாய்ச்சேன்.

"அக்கா, என் கழுத்தைப் பிடிங்க. முழு எடையையும் போட்டு அழுத்துங்க."

"என்னா விளையாட்டு இது லா?"

"பிடிங்க அக்கா, சொல்றேன்."

பிடிச்சாங்க. என் கால் தானா எழும்பிருச்சு. இடது கை முதுகுக்குக் கீழே மாட்டிக்கிச்சு. வலது கைதான் மிச்சம். அதால அவங்களோட இடது சுண்டுவிரல் எட்டுது. விரலை விட்டுட்டுப் பக்கத்துல துழாவினா, வச்சிருந்த பிளாஸ்டிக் டம்ளர் எட்டுது. தூக்கினேன். கை ஓங்க இடமே இல்ல. கீழேயிருந்து மேலேதான் போச்சு. போய் நின்ன இடம் சலேஹா அக்காவோட இடது கன்னத்து எலும்புக்குக் கீழே.

மேசையில உட்கார்ந்து சாப்பிடுறவனைப் பின்னாலிருந்து அடிச்சா அந்த அடி மேலேயிருந்து கீழே இறங்கும். எந்தக் கோணத்துல நின்னு பார்த்தாலும் டாக்டர் சொன்ன காயம் அப்படி வராது.

சலேஹா அக்கா கையை எடுத்துட்டு, "விசாலம், ஏன் அழுறே?"ன்னாங்க. நான் அழுறது அப்பதான் எனக்கே தெரிஞ்சது.

இப்போ கேக்கிறேன். என்ன நடந்துச்சு அண்ணி?

விசாலம்

●

பத்து காவான்
30 மார்ச் 2025

விசாலம்,

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நீ எழுது பிள்ளை" என்றார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. போனை நான் கோபத்தில் அடைக்கவில்லை. எனக்குக் குரல் இல்லாமல் போயிருந்தது, மணி அடித்தால் எடுத்துப் பேச முடியாது. இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. விழுங்கும்போது இன்னும் நோகும். கழுத்தில் பெரிய தடம் ஒன்றும் இல்லை, அதுதான் என் கெட்ட காலம். ஸ்டேஷனில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். லேசான சிவப்பு. "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். எனக்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

அன்று நான் வேலை செய்யும் கெலுகோர் நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு. முடித்து வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. உன் அண்ணன் மேசையில் இல்லை. சமையலறையில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். எங்கே போனாய் என்றார். சொன்னேன். பொய் என்றார். போனை எடுத்துக் காட்டினேன். அதைத் தட்டிவிட்டார். தோளைப் பிடித்துக் கழுவுமிடத்து மேடையில் சாய்த்தார். பிறகு நீ சலேஹாவோடு செய்து பார்த்ததுதான்.

அது முதல் தடவை இல்லை, விசாலம். கல்யாணமாகி இரண்டாம் வருடமே தொடங்கியது. அறைவார், பிறகு அழுவார். என் காலடியில் உட்கார்ந்து அழுவார். அந்த அழுகையை நான் நம்பினேன். அது பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன். உன் வகுப்பில் ஏன் சேர்ந்தேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். எடை குறைக்க என்றேன். ஒருமுறை அவர் என் கழுத்தில் கை வைத்தார். அடுத்த நாள்தான் உன் ஹாலுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு அண்ணன் என்றால் உயிர். உன் கண்ணில் அவரைக் குறைத்துவிட்டுப் பிறகு நான் எந்த முகத்தோடு அங்கே வந்து நிற்பது?

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று வக்கீல் கேட்டார். ஒன்றும் நினைக்கவில்லை. கண் இருண்டு வந்தது. காதுக்குள் இரைச்சல். விரலைத் திருப்பினேன், ஒடிந்தது தெரிந்தது. ஆனாலும் மற்றக் கை விடவில்லை. பக்கத்தில் குளிர்ச்சியாக ஏதோ கையில் பட்டது. அது டம்ளர் என்று அடித்த பிறகுதான் விளங்கியது. கண்ணைக் குறி வைக்கவில்லை. இதை நீ நம்பாவிட்டாலும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஓர் அடியோடு நிறுத்தாதே, முதல் அடி முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கு என்பதுதான் உங்கள் கென்போ. அடுத்த அடி என் கைக்கு வந்தது. கழுத்தை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். பின்தலை எனக்கு நேராக இருந்தது. டம்ளரை மேடையில் வைத்துவிட்டேன். துண்டை எடுத்து அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தேன். குரல் வரவில்லை, ஆகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, போன் செய்யச் சொல்லிச் சைகை காட்டினேன்.

இதை வைத்து நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் உன் அண்ணன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். அது எனக்குப் போதும்.

சுதர்ஷினி

●

சுங்கை பினாங்
13 ஏப்ரல் 2025

அண்ணி,

விலாசம் மாறியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. சலேஹா அக்கா வீட்டுல இருக்கேன்.

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு நேரா அண்ணன்கிட்ட போகலை. எனக்கு பயமா இருந்துச்சு. எதிர்ல நாலு பேரு நின்னாலும் பயப்படாதவன்னு என்னைச் சொல்லுவாங்க. எங்கண்ணன் என்ன சொல்லுவாரோன்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். சின்ன வயசுல எங்கப்பா, அப்பச்சி செத்தப்போ என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சுடுகாடு வரைக்கும் போனவரு அவரு. பொண்ணு வரக்கூடாதுன்னு பெரியவங்க தடுத்தப்போ, "எந்தங்கச்சி வருவா"ன்னு ஒரே வார்த்தையா சொன்னவரு.

ஆஸ்பத்திரியிலேருந்து அண்ணன் எங்க வீட்டுக்கு வந்த பிறகு, ஆத்தா கோயிலுக்குப் போன நேரமாப் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, அவங்க கழுத்தைப் பிடிச்சீங்களா?"

"யாரு சொன்னா?"

"உங்க சுண்டுவிரல் சொல்லுச்சு."

அந்தக் கையைப் பின்னால இழுத்துக்கிட்டாரு. அப்புறம், "நீ யாரு பக்கம் விசாலம்?"னு கேட்டாரு.

கழுத்தைப் பிடிக்கலைன்னு சொல்லலை, அண்ணி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா, இவ்வளவு தெரிஞ்சும், பாழாப்போன என் மனசு அதைப் பிடிச்சுத் தொங்கியிருக்கும். "எனக்குக் கண்ணு போச்சு, நீ அவளுக்காக வந்து நிக்கிறே"ன்னாரு. கண்ணு மேல இருந்த கட்டைப் பார்த்துக்கிட்டே நின்னேன். கண்ணு போனதும் நெசம்தானே. அந்த வலியில அவரு முனகுறதைப் பக்கத்துல இருந்து கேட்டவ நானு.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இத்ரீஸ்தான் இப்போ உங்க கேஸைப் பார்க்கிறாரு. தங்கச்சின்னு சொன்னதும் எதுக்கு வந்திருக்கேன்னு புரியாம முழிச்சாரு. சலேஹா அக்காவைச் சுவர்ல சாய்ச்சு நிக்க வச்சு எல்லாத்தையும் செஞ்சு காட்டினேன். விரல், மேடை, டம்ளர், கீழேயிருந்து போற கை. குறிப்பு எழுதிக்கிட்டே பார்த்தாரு. முடிச்சதும், "இதை எழுத்துல குடுப்பீங்களா?"ன்னு கேட்டாரு. குடுத்தேன். விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டரையும் பக்கத்து வீட்டுக்காரங்களையும் திரும்ப விசாரிக்கிறதா சொன்னாரு. உங்களைத் தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பப் போறாங்க. போய்ட்டு வாங்க, தயவுசெஞ்சு.

எழுதிக் குடுத்ததை வீட்டுல நானே சொன்னேன். ஆத்தா திட்டலை. என் துணியை மடிச்சுப் பையில வச்சுக் குடுத்தாங்க. அடுக்கி, அழகா மடிச்சு.

இன்னொன்னு. போன சனிக்கிழமை வகுப்புல புதுசா சேர்ந்த பொண்ணு ஒன்னு, "மாஸ்டர், கண்ணுல அடிக்கலாமா?"ன்னு கேட்டுச்சு. அடிக்கலாம்னு எத்தனையோ தடவை சாதாரணமா சொல்லியிருக்கேன். ஆனா அன்னைக்கு வகுப்பைப் பாதியிலயே முடிச்சிட்டேன். இனிமே நடத்தணுமான்னு தெரியலை.

விசாலம்

●

பத்து காவான்
21 ஏப்ரல் 2025

விசாலம்,

வேண்டாம் என்று நான் எழுதியதை நீ கேட்கவில்லை. உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆத்தா துணி மடித்துக் கொடுத்ததைத் திரும்பப் படித்தேன். திட்ட வரவில்லை.

தொண்டை டாக்டரிடம் போனேன். உள்ளே கமெரா விட்டுப் பார்த்தார். காயம் இன்னும் ஆறவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கார் பார்க்கில் அழுதேன். நடந்தது நடந்ததுதான் என்று வேறொருவர் சொல்ல இவ்வளவு நாளாயிற்று.

உன் வகுப்பைப் பற்றி. நான் உன்னிடம் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத இருந்திருக்க மாட்டேன். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. அடித்த பிறகு என்ன இருக்கும் என்றும் சொல். டம்ளரில் தண்ணீர் குடிக்க எனக்கு இன்னும் முடியவில்லை. பீங்கான் கோப்பையில் குடிக்கிறேன். உயிர் பிழைத்ததற்காக நான் வருந்தவில்லை, விசாலம். கண்ணுக்காக வருந்துகிறேன். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டுதான் எழும்புகிறேன், சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல். சொல்லிவிட்டு விரலைத் திருப்பக் கற்றுக்கொடு.

விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என்னை அண்ணி என்று எழுதாதே. நான் உனக்கு யார் என்று பிறகு யோசிப்போம்.

சுதர்ஷினி

●

சுங்கை பினாங்
17 ஆகஸ்ட் 2025

சுதர்ஷினி அக்கா,

இத்தனை மாசம் எழுதாம இருந்ததுக்குக் கோச்சுக்காதீங்க. சாட்சி சொல்றவ உங்களோட பேசக்கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் இத்ரீஸ் சொல்லியிருந்தாரு. இப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்க மேல வழக்கு இல்லைன்னு முடிவான அன்னைக்கு சலேஹா அக்கா பாயாசம் வச்சாங்க. நான் கிண்ணத்தைத் தள்ளி வச்சிட்டேன். அடுத்தது அண்ணன் மேல வரும்னு தெரியுமே.

முந்தாநாள் கோர்ட். நீங்க வரலை, வக்கீல் மட்டும் வந்திருந்தாரு. அண்ணன் குற்றத்தை ஒத்துக்கிட்டாரு. நான் கூண்டுல ஏற வேண்டியதே இல்லாம போச்சு. சிறைத் தண்டனை. பெரிசா இல்லை, சில மாசம்தான்.

இதைவிட முக்கியமா ஒன்னு சொல்லணும். உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. படிச்சிட்டு என்னை வெறுத்தாலும் சரி.

கோர்ட் வாசல்ல காலையில அண்ணன் தனியா வந்து இறங்கினாரு. ஆத்தா வரலை, படுத்த படுக்கையா இருக்காங்க. படியேறும்போது இடது பக்கம் வந்த ஆளைப் பார்க்காம மோதி, தடுமாறி நின்னாரு. நான் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். போகக்கூடாதுன்னுதான் நினைச்சேன். கால் தானா அவருகிட்ட போயிருச்சு. இடது பக்கமாப் போய் முழங்கையைப் பிடிச்சேன். யாருன்னு தலையை முழுசாத் திருப்பிப் பார்த்தாரு. கையை உதறலை.

பாதிப் படியில நின்னாரு. "ரெண்டாவது அடி விழும்னு குனிஞ்சு நின்னேன் விசாலம். விழலை. துண்டை வச்சு அமுக்கினா. அதுக்கப்புறமும் நான் போய் மேசைன்னு சொன்னேன்."

உள்ள கூட்டிக்கிட்டுப் போய் உட்கார வச்சேன். அவருக்கு எதிரா எழுதிக் குடுத்த கையாலதான் பிடிச்சிக்கிட்டுப் போனேன். எழுதினதுக்கும் வருத்தம் இல்லை, பிடிச்சதுக்கும் வருத்தம் இல்லை. ஆனா உங்களுக்கு இது எப்படி இருக்கும்னு தெரியலை. அதான் ரெண்டு நாளா எழுதிக் கிழிச்சு எழுதுறேன்.

விசாலம்

●

பத்து காவான்
24 ஆகஸ்ட் 2025

விசாலம்,

கடிதம் கிடைத்த அன்று எனக்குக் கோபம் வந்தது. நீ பயந்தது சரி, மறைக்கமாட்டேன். அந்தக் கையை நீ பிடித்தாய் என்று படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நூலகத்தில் புத்தகம் அடுக்கும்போதும் அதே நினைவு. சாயங்காலம் வந்து மறுபடி வாசித்தேன்.

இடது பக்கம் தெரியாத மனுசனுக்குப் படியில் ஒரு கை வேண்டும். அது என் கையாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு நிம்மதி. நீ பிடித்தது சரி. சிறைக்கும் போய்ப் பார். அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுதாதே.

வக்கீலும் அவர் ஒத்துக்கொண்டதைச் சொன்னார். கேட்டதும் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆனால் அன்று இரவு விழிக்காமல் தூங்கினேன். அப்பா காலையில் எழுப்பவில்லை, கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நீ ஒருநாளும் வந்ததில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வா. அப்பா நண்டுக் குழம்பு வைப்பதாகச் சொல்கிறார். சலேஹாவையும் கூட்டி வா. வழக்கைப் பற்றியோ அவரைப் பற்றியோ ஒன்றும் கதைக்க வேண்டாம். என்ன கதைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவோம்.

சுதர்ஷினி